பாலைவனத்தில் காது பரிசோதனை

நாங்கள் மூவரும் தோழிகளானது ஒரு பழைய காரின் பின் இருக்கையில்தான். மூலக்குளத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. நாற்பதுக்கு முன்னும் பின்னுமாக இருந்த மூன்று பெண்களை ஒரே நேரத்தில் போட்டு, ஒரே காரில் ஏற்றிவிட்டார்கள். ஒருத்தி ஓட்டும்போது மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வோம். வில்லியனூர் சாலையில் அப்படி ஒரு மாதம் ஒன்றாகப் பயந்த பிறகு சினேகிதம் தானாக வந்துவிட்டது. லைசென்ஸ் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருமாக எங்காவது கிளம்பிவிடுவோம். செஞ்சி, திருவக்கரை, ஊசுட்டேரி என்று பக்கத்து ஊர்களெல்லாம் முடிந்தன.

ஒருத்தி கண்ணாடிக் கடைக்காரி. நகரத்தில் அவள் அப்பா நடத்திய மூக்குக்கண்ணாடிக் கடையைப் படிப்பு முடித்து வந்து அவளே நடத்துகிறாள். கண் பரிசோதனையும் அவள்தான் செய்வாள். என் வயதுக்காரி. இன்னொருத்தி எங்களைவிட ஏழெட்டு வயது சிறியவள். சேதராப்பட்டில் தகரத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் மெஷினில் வேலை. வீடு முதலியார்பேட்டையில் இருந்தாலும் நாங்கள் அவளைச் சேதராப்பட்டு என்றே கூப்பிடுவோம். நான் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கண்ணாடிக் கடைக்காரிக்கு நான் டீச்சர், சின்னவளுக்கு நாங்கள் இருவருமே அக்கா.

சேதராப்பட்டுக்குக் குரல் பெரிது. ஓட்டலில் அவள் தண்ணீர் கேட்டால் நான்கு மேசை திரும்பிப் பார்க்கும். "மெதுவாடி" என்று நாங்கள் சொல்லாத ஞாயிறு கிடையாது. அவளும் சிரித்துக்கொண்டே, "மில்லுக்காரர் பொண்ணு அக்கா, அப்டித்தான் இருப்பேன்" என்பாள்.

பாலைவனத்துக்குப் போகலாம் என்ற யோசனை கண்ணாடிக் கடைக்காரியுடையது. அவள் கடையின் பரிசோதனை அறை சிறியது. எழுத்துப் பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவே போதிய தூரம் இல்லாததால் எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை மாட்டி தூரத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறாள். அந்த அறைக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, கண் எவ்வளவு தூரம்தான் போகும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். உன் தெருக்கோடியிலேயே கடல் இருக்கிறதே என்றேன். கடலில் தூரத்தில் வைத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லை, கோடு மட்டும்தான் இருக்கிறது என்றாள். ஜெய்சால்மருக்குப் பக்கத்தில் ஒரு பாலைவனத் தேசியப் பூங்கா இருப்பதாகவும், அங்கே வானம் வரைக்கும் தரை தெரியும் என்றும் ஒரு வாடிக்கையாளர் அவளிடம் சொல்லியிருந்தார்.

பூங்காவின் பெயரைக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. கானமயில் இன்னும் உயிரோடு இருக்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. கானமயில் என்ற சொல்லைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மயிலே அல்லாத அந்தப் புல்வெளிப் பறவையைப் பார்த்த ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ஒரு காலத்தில் நம் பக்கத்துப் புல்வெளிகளிலும் இருந்ததாம். பிரெஞ்சில் அந்த இனத்துக்கு உத்தார்த் என்று பெயர். அகராதியில் படத்தோடு இருக்கும். பார்க்காத ஒரு பறவைக்கு இரண்டு மொழிகளில் பெயர் தெரிந்து வைத்திருப்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

சேதராப்பட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்க சத்தமே இருக்காதாமே, நெஜமாவா அக்கா?"

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். சென்னை போய் விமானம் ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, ஜெய்சால்மரில் இறங்கினோம். எங்கள் ஊர்க்காரர்களிடம் குளிருக்கு உடுத்த என்ன இருக்கும்? பாரிசில் இருக்கும் என் நாத்தனார் வரும்போதெல்லாம் ஒரு கோட்டை விட்டுப்போவாள். அவற்றை எடுத்து மூவருமாகப் பங்கிட்டுக்கொண்டோம். சேதராப்பட்டுக்குக் கிடைத்தது முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு சிவப்புக் கோட்டு. சுடிதாருக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு விமானத்தில் அவள்தான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவளுக்கு அது முதல் விமானப் பயணம். மேகத்தைப் பார்த்து அவள் கேட்ட கேள்விகள் பின் வரிசை வரை கேட்டன.

பாலைவனம் முதலில் எங்களை ஏமாற்றியது. மணல் மேடுகளை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது கல்லும் முள்ளும் புல்லும். பூங்காவில் மணல் குன்றுகள் ஒரு ஓரமாகத்தான் இருந்தன. மற்றபடி, வெளுத்துப்போன புல் திட்டுத்திட்டாக, நம் பக்கத்துப் பொட்டல் காடு போலத்தான் கிடந்தது. ஆனால் முடியவே இல்லை. அதுதான் வித்தியாசம். ஜீப் ஓட்டிக்கொண்டு எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபதை நெருங்கிய உள்ளூர்க்காரர். அவருக்கு இந்தியும் அவர்கள் ஊர்ப் பேச்சும்தான் தெரியும். வடநாட்டிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களுக்குக் கூலிங் கிளாஸ் விற்று விற்றுக் கண்ணாடிக் கடைக்காரி இந்தி கற்றிருந்தாள். அவள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு.

அன்று மாலை சிறிய மான்களைக் கண்டோம். அவற்றுக்குச் சிங்காரா என்று பெயர் சொன்னார். "சிங்காரமா?" என்று சேதராப்பட்டு கேட்க, அவரும் என்னவோ புரிந்தது போல ஆமாம் என்று தலையாட்டினார். கண்ணாடிக் கடைக்காரி ஜீப்பின் மேல் நின்று, தூரத்தில் தெரிந்த ஒரு மரத்தைக் காட்டி அது எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டாள். அவர் சொன்ன தூரத்தை நம்பாமல் அங்கே போயே பார்க்கலாம் என்றாள். போனோம். போய்க்கொண்டே இருந்தோம். மரம் அப்படியே நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரவு குடிசை போன்ற விடுதி. கம்பு ரொட்டி, பாலைவனத்துக் காய் ஒன்றைப் போட்ட புளிப்பான கறி. கம்பை நாம் கூழாகத்தான் குடிப்போம், இப்படியும் தட்டலாமா என்று சேதராப்பட்டு சமையல் செய்த பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கானமயில் வரக்கூடிய புல்வெளிக்குக் கூட்டிப்போனார். இஞ்சினை அணைத்துவிட்டு, இனிமேல் யாரும் பேசக் கூடாது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மூவரும் வண்டிக்குள் அசையாமல் உட்கார்ந்தோம். காற்று இல்லை. எனக்கு முதலில் என் கோட்டு உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ ஒரு சின்னப் பறவை பாட ஆரம்பித்தது. மெல்லிய, உயர்ந்த குரல். நிறுத்தாமல், மூச்சு விடாமல் பாடியது. வழிகாட்டி மெல்ல அதன் பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். கண்ணாடிக் கடைக்காரி என் காதோரம் வந்து, "வானம்பாடியாம்" என்று கிசுகிசுத்தாள்.

சேதராப்பட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன என்று கண்ணால் கேட்டாள். நான் விரலால் மேலே காட்டி, காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். கூர்ந்து கேட்பது போல நெற்றியைச் சுருக்கினாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். பறவை பாடிக்கொண்டே இருந்தது.

"எந்தக் குருவிக்கா? ஒண்ணும் கத்தலையே" என்றாள், அவளுக்குத் தெரிந்த மெதுவான குரலில். அதுவே அந்த வெளியில் உரக்கக் கேட்டது. பாட்டு நின்றுவிட்டது. வழிகாட்டி கண்ணைத் திறந்தார்.

பறவை ரொம்ப உயரத்தில் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். சற்று நேரத்தில் வேறொன்று பாடியது. இந்த முறை பக்கத்திலேயே, ஒரு புதரின் உச்சியில். பழுப்பு நிறச் சின்னக் குருவி வாயைத் திறந்து திறந்து மூடுவது எனக்கே தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. டிவியில் ஒலியை நிறுத்தி வைத்தது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

"உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?" என்று கண்ணாடிக் கடைக்காரி கேட்டாள்.

"அமைதி கேக்குது" என்றாள் அவள். "அந்த ங்ங்ன்னு ஒரு சத்தம் வருமே, அதான் கேக்குது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வராதா? யாரும் பேசலன்னா, பேன்லாம் நிறுத்திட்டா, காதுக்குள்ள ங்ங்ன்னு வருமே. அமைதின்னா அதுதானே அக்கா?"

வராது என்று சொன்னால் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. கண்ணாடிக் கடைக்காரி தயங்காமல் சொல்லிவிட்டாள். தினமும் மனிதர்களிடம் உங்களுக்கு இது தெரியவில்லை, அது தெரியவில்லை என்று சொல்லிப் பழகியவள். "எங்களுக்கு ஒண்ணும் வராது. அமைதின்னா ஒண்ணுமே இருக்காது" என்றாள்.

சேதராப்பட்டு கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அப்ப சில்வண்டு?" என்று கேட்டாள்.

சில்வண்டுக்கு என்ன என்றேன். அவள் அப்பா மூடிப்போன மில்லில் தறி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து, பூச்சி மருந்து அடித்து அடித்து ஊரில் சில்வண்டெல்லாம் செத்துப்போய்விட்டது என்று வருத்தப்படுவாராம். சின்ன வயதில் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிடுவாளாம். பிறகு வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் கழித்துப் பார்த்தால் அவளுக்கும் கேட்கவில்லை. அப்பா சொன்னது சரிதான், எல்லாம் செத்துப்போய்விட்டது என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள்.

"சாவலையா அப்ப?"

"எங்க வீட்டுத் தோட்டத்துல தெனமும் கத்துது" என்றேன்.

அவள் சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. வழிகாட்டி என்ன விஷயம் என்று கேட்க, கண்ணாடிக் கடைக்காரி சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சேதராப்பட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜீப்பைவிட்டு இறங்கிப் போய்ப் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கானமயில் வந்தது. பேசிச் சிரித்துக் கெடுத்துவிட்டோம், இனி வராது என்று நான் விட்டுவிட்டிருந்தேன். தொலைவில், புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து நின்றது. தலையில் கறுப்புத் தொப்பி வைத்தது போல. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பைனாகுலரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். ஓடவில்லை, கொத்தவில்லை. நான்கு எட்டு வைப்பதும் நின்று சுற்றிப் பார்ப்பதுமாக நடந்தது. "கோழி மாரி இருக்கும்னு நெனச்சேன். ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த ஆளு மாரி நடக்குது" என்றாள் சேதராப்பட்டு. அது அவ்வளவு பெரிதாக, அவ்வளவு நிதானமாக இருக்கும் என்று என் இரண்டு மொழிச் சொற்களும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு அது கனத்த இறக்கைகளை விரித்துத் தாழப் பறந்து மறைந்தது.

அது போன திசையில் காற்றாலைகளும் மின்கம்பிகளும் தெரிந்தன. இந்தப் பறவைகள் கம்பியில் மோதித்தான் அதிகம் சாகின்றன என்று வழிகாட்டி சொன்னார். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் பறக்கும்போது நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாதாம். கண்ணாடிக் கடைக்காரி அதை எங்களுக்கு மொழிபெயர்த்துவிட்டு, மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தக் கோணத்திலிருந்து தெரியாது, தலையைக் குனிந்து பறக்குமா, கம்பியில் ஏதாவது தொங்கவிட்டால் தெரியுமா என்று. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். சில இடங்களில் கம்பிகளில் பளபளக்கும் தட்டுகளை மாட்டியிருக்கிறார்களாம்.

விடுதிக்குத் திரும்பியதும் கண்ணாடிக் கடைக்காரி சேதராப்பட்டைக் குடிசைக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தாள். கண் பரிசோதிக்கிற அதே முறையில் காதைப் பரிசோதிக்கப் போகிறாளாம். முதுகுப் பக்கமாக நின்றுகொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் ஒலிக்க வைத்தாள். சாவிக்கொத்து. என் கோட்டின் ஜிப். கண்ணாடி வளையல். தீப்பெட்டி. விரலும் விரலும் உரசுவது. "இது கேக்குதா? இப்போ? முதல்ல வந்தது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று, கடை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் கேட்கிற அதே குரல். தீப்பெட்டி கேட்டது. வளையல் இடது காதில் லேசாகக் கேட்டது, வலது காதில் இல்லை. ஜிப் இரண்டிலும் இல்லை. ஒட்டகத்தின் கழுத்து மணி தூரத்திலிருந்தே கேட்டது. ஜீப் கதவு நன்றாகக் கேட்டது. கனமான சத்தங்கள் எல்லாம் கேட்கின்றன, மெல்லிய கூரான சத்தங்கள்தான் இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

முதலில் விளையாட்டாக உட்கார்ந்தவள், போகப் போக எங்களைவிட ஆர்வமாகிவிட்டாள். "இன்னொரு வாட்டி அந்த ஜிப்ப இழுங்க. காதுகிட்ட வெச்சி இழுங்க" என்றாள். பிரஸ் ஷெட்டில் காதுக்கு வைத்துக்கொள்ளப் பஞ்சு போன்ற அடைப்பான் கொடுக்கிறார்கள். அது அரிக்கிறது என்று அவள் பையிலேயே வைத்திருப்பாள். அங்கே எல்லோரும் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள், அதனால் காது கேட்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழுந்ததில்லை.

மத்தியானம் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், சிவப்புக் கோட்டோடு ஒரு முள் புதருக்கு முன்னால் குத்துக்காலிட்டுப் போனை நீட்டிக்கொண்டிருந்தாள். புதரில் அதே பழுப்புக் குருவி. வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறாள். பிரஸ்ஸில் தகடு எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் மெஷினை ஸ்லோ மோஷனில் படம் எடுப்பார்களாம். அப்படி எடுத்தால் பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல் தடித்து, ராட்சசன் பேசுவது போலக் கேட்கும். அது ஞாபகம் வந்திருக்கிறது. மனுஷன் குரல் தடிக்கும் என்றால் குருவியின் குரலும் தடிக்க வேண்டும் அல்லவா என்று யோசித்திருக்கிறாள்.

எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அதை ஓட்டினாள். திரையில் குருவி வாயை மெதுவாகத் திறந்தது. போனிலிருந்து ஒரு நீண்ட, ஏறி இறங்கும் கூவல் வந்தது. குழலூதுவது போலவும், தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலவும் இருந்தது. நான் காலையில் கேட்ட பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேகத்தில் எனக்குச் சிக்காமல் போன எத்தனையோ வளைவுகள் அதில் இருந்தன.

அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது. ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. "இதத்தான் இவ்ளோ வேகமா பாடிட்டிருக்குதா? ஏன்க்கா, இது கேக்குற இன்னொரு குருவிக்கு இப்டிக் கேக்குமா, உங்களுக்குக் கேட்டமாரி கேக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். கண்ணாடிக் கடைக்காரியும் யோசித்துவிட்டுத் தெரியவில்லை என்றாள்.

மீதி நாள் முழுக்க அவள் எதையாவது அந்த முறையில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். ரொட்டி தட்டும் பெண்ணின் வளையல், வழிகாட்டியின் சீட்டி, புல்லில் இருந்த ஒரு வெட்டுக்கிளி. வெட்டுக்கிளி கதவு கிரீச்சிடுவது போலக் கேட்டது என்று மகிழ்ந்துபோனாள். திரும்பும் வழியில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் ஒரு இடத்துக்கு வழிகாட்டி பெருமையோடு கூட்டிப்போனார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்க திருவக்கரைலயே கெடக்குதே, சேதராப்பட்டுலேர்ந்து பக்கந்தான்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். கண்ணாடிக் கடைக்காரி வேறு எதையோ சொல்லிச் சமாளித்தாள்.

ஊருக்கு வந்த வாரத்திலேயே மூவரும் காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்தார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருந்து பார்த்தோம். நீண்ட நேரம் அவள் விரல் அசையாமல் இருந்த இடங்கள் உண்டு. காகிதத்தில் வந்த கோடு நேராகப் போய், ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கியது. போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். அந்த ங்ங்ன்னு சத்தமும் அதனால் வருவதுதானாம். அது நிற்காது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தவளக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டில் இறக்கிவிடச் சொன்னாள். அங்கேயே ஒரு வாரம் இருந்தாள்.

பிறகு வேலைக்குப் போனாள். இப்போது பஞ்சுக்குப் பதிலாகக் காதை முழுக்க மூடும் கவசம் போட்டுக்கொள்கிறாள். சூப்பர்வைசரிடம் பேசி, ஷெட்டில் இருக்கும் எல்லோருக்கும் அதையே வாங்க வைத்தாள். எப்படிப் பேசினாய் என்றேன். தன் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டவில்லையாம். குருவி படத்தை முதலில் சாதாரணமாக ஓட்டி, யார் யாருக்குக் கேட்கிறது என்று கையைத் தூக்கச் சொன்னாளாம். பாதிப் பேர் கை தூக்கவில்லை. சூப்பர்வைசரும் தூக்கவில்லை.

போன மாதம் ஒரு மாலை மூவரும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தோம். இருட்டத் தொடங்கும் நேரம். தெருவிளக்கைச் சுற்றிச் சின்ன வௌவால்கள் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தன. அவை கத்திக்கொண்டேதான் பறக்கும், அந்தச் சத்தம் எந்த மனுஷக் காதுக்கும் கேட்காது என்று மருத்துவர் சொன்னதாகச் சேதராப்பட்டு சொன்னாள். நல்ல காது என்றாலும் கேட்காதா என்று கண்ணாடிக் கடைக்காரி கேட்டாள். யாருக்குமே கேட்காதாம். அவள் அதை எத்தனை முறை கேட்டு உறுதி செய்துகொண்டு வந்திருந்தாளோ, சொல்லும்போது முகத்தில் அவ்வளவு நிறைவு.

"அதோ, இப்ப கத்துது பாருங்க" என்று விரலை நீட்டினாள், எதிர்வீட்டு மாடிவரை கேட்கிற குரலில்.

நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். வௌவால் விளக்குக்குக் கீழே சட்டென்று திரும்பி மேலே போயிற்று. எங்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.